பழைய மோட்டார் சைக்கிளும் பழகிய கையும்

உயிரில்லாப் பொருள்மீது மனிதன் கொள்ளும் பற்றைச் சிறுபிள்ளைத்தனம் என்று எல்லோரும் தள்ளிவிடுவதில்லை. உழவன் ஏரைத் தொட்டுக் கும்பிடுகிறான். மீனவன் தன் வள்ளத்துக்கு ஒரு பெயரிட்டு, குருவானவரைக் கொண்டு மந்திரித்த பின்னரே அதனைக் கடலில் இறக்குகிறான். தச்சன் தன் உளியைப் பிறர் கையிற் கொடுக்க மனங்கொள்ளான். இவற்றை எவரும் நகையாடுவதில்லை. ஆனால், முப்பது ஆண்டுகள் ஓடித் தேய்ந்த மோட்டார் சைக்கிள் ஒன்றை ஒருவர் விற்க மறுத்துவிட்டால், "பழைய இரும்புக்குப் போகவேண்டிய சாமானை ஏன் இன்னும் கட்டி அழுகிறீர்?" என்று வீட்டாரும் அயலாரும் கேட்கத் தொடங்கிவிடுகின்றனர். ஏருக்கும் வள்ளத்துக்கும் உளிக்கும் உள்ள மரியாதை இவ்வண்டிக்கு மட்டும் ஏன் கிடையாது? இதனை ஆராய்வதற்கு மன்னாரைப்போலப் பொருத்தமான இடம் வேறு எளிதில் அகப்படாது. ஏனெனில், ஒரு மோட்டார் சைக்கிளை முப்பது ஆண்டுகள் உயிரோடு வைத்திருப்பது அங்கே இலேசான காரியம் அன்று.

மன்னார்த் தீவு ஏறத்தாழ 26 கிலோமீற்றர் நீளமுள்ள ஒரு மணற்றிட்டு. ஒரு முனையில் மன்னார்ப் பட்டினமும் மறுமுனையில் தலைமன்னாரும் உள்ளன. இடையிலே பேசாலை முதலான மீன்பிடி ஊர்கள். ஆழமற்ற கடலை ஊடறுத்துச் செல்லும் மூன்று கிலோமீற்றர் அளவான தாம்போதியும் அதனைச் சேர்ந்த பாலமுமே தீவைப் பெருநிலப்பரப்போடு பிணைக்கின்றன. சோளகம் எழுந்துவிட்டால் அத்தாம்போதியில் வண்டி ஓட்டுபவர் நேராக அமர்ந்து செல்லுதல் இயலாது. காற்று வரும் பக்கம் சற்றே சாய்ந்துகொண்டுதான் செல்லவேண்டும். 2020 டிசெம்பரில் தீவின் கரையோரத்தில் முப்பது பெருவிசிறிகளோடு 103.5 மெகாவாற் மின்னாற்றல் கொண்ட 'தம்பபவனி' காற்றாலை திறந்துவைக்கப்பட்டது. அக்காற்றின் வலிமையைப் பொறியியலாளர் கருவி வைத்து அளப்பதற்கு நெடுநாள் முன்னரே மோட்டார் சைக்கிள் ஓட்டுபவரின் தோள்கள் அதனை அளந்துவிட்டன.

காற்றினும் கொடியது அது சுமந்துவரும் உப்பு. இரும்பு, நீர், காற்றிலுள்ள பிராணவாயு என்னும் மூன்றும் கூடினாற் துரு உண்டாகும் என்பது பள்ளிக்கூடப் பாடம். அந்நீரில் உப்புக் கரைந்திருப்பின், அது மின்னோட்டத்தை எளிதிற் கடத்துவதனால், துரு பன்மடங்கு விரைவாகப் படரும். மீன் வியாபாரியின் வண்டிக்கோ இந்த இன்னல் இரட்டிப்பு. பின்னிருக்கையில் கட்டிய மீன்பெட்டியிலிருந்து பனிக்கட்டி உருகிய உப்புநீர் வழிநெடுகச் சொட்டி, மட்காட்டையும் செயினையும் சக்கரக் கம்பிகளையும் அரித்துத் தின்கிறது. ஆதலால் மன்னாரிலே வண்டியைக் காத்தல் என்பது நாள்தோறும் செய்யவேண்டிய கடன். வியாபாரம் முடிந்து வீடு சேர்ந்ததும் நல்ல தண்ணீரால் வண்டியைக் கழுவுதல். கழிவு ஒயிலைத் துணியில் நனைத்து இரும்புப் பாகங்களிற் பூசுதல். மணல் புகுந்த செயினை மண்ணெண்ணெயிற் போட்டுக் கழுவி எடுத்தல். குடிக்கும் தண்ணீருக்கே பல தெரு நடக்கவேண்டிய ஊரில், வண்டிக்கும் ஒரு வாளி ஒதுக்குபவனைப் பைத்தியக்காரன் என்பதா, பொறுப்புள்ளவன் என்பதா? அவ்வாளித் தண்ணீரைப் பற்றி அவன் மனையாளின் கருத்து வேறாக இருக்கலாம்.

இப்பகுதியில் நெடுங்காலம் நிலைபெற்ற வண்டிகள் பெரும்பாலும் ஜப்பான் தேசத்துச் சிறு வண்டிகளே. 1958-ஆம் ஆண்டில் ஹொண்டா நிறுவனம் 'சூப்பர் கப்' என்னும் வண்டியை வெளியிட்டது. அதிலே கையாற் பிடிக்கும் கிளச்சு கிடையாது. சாப்பாட்டுக் கடைப் பையன் ஒரு கையில் உணவுத் தட்டை ஏந்தியவாறே மறுகையால் ஓட்டக்கூடியதாக இருக்கவேண்டும் என்பது அதனை ஆக்கியோர் கொண்ட நோக்கங்களில் ஒன்று என்பர். 2017-ஆம் ஆண்டளவில் அவ்வினத்து வண்டிகள் பத்துக் கோடி என்னும் தொகையை எட்டின. உலகத்தில் வேறெந்த மோட்டார் வாகனமும் அத்தொகையைக் கண்டதில்லை. ஜப்பானியத் தபாற்காரருக்கென ஆக்கப்பட்ட எம்.டி. 90, சிறு சக்கரங்களை உடைய 'சாளி' முதலியனவும் அக்குடும்பத்துக்கு உறவு பூண்டவையே. அங்கே பாவித்துக் கழித்த வண்டிகள் கப்பலேறி இலங்கைக்கு வந்து, வடபகுதித் தெருக்களில் இரண்டாவது பிறவி எடுத்தன. தபாற்காரனின் கடிதப்பை இருந்த இடத்தில் பாரைக் கருவாடும் பனங்கிழங்கும் ஏறின.

வண்டியின் வயதை அறிவதற்குப் பிறப்புச் சாட்சிப் பத்திரம் வேண்டியதில்லை. இலக்கத் தகடே போதும். 'ஸ்ரீ' எழுத்துடையவை மூத்த தலைமுறை. இரண்டிலக்கங்களுக்குப் பின் கோடிட்டவை அடுத்த தலைமுறை. ஆங்கில எழுத்துகளோடு வருபவை 2000-ஆம் ஆண்டுக்குப் பிற்பட்டவை. 1950-களின் பிற்பகுதியில் அந்த 'ஸ்ரீ' எழுத்தை முன்னிட்டே நாட்டில் பெரும் பூசல் விளைந்தது என்பதை முதியோர் மறந்திரார். இன்றோ அவ்வெழுத்துள்ள தகடு வண்டியின் முதுமைக்குச் சான்றாகக் காட்டப்படுகின்றது. காலம் செய்யும் விளையாட்டு இது.

பழைய வண்டியின்மேற் கொண்ட பற்று வெறும் சிக்கனத்தால் விளைந்தது என்று சொல்பவர், 1990-க்கும் 2002-க்கும் இடைப்பட்ட காலத்தை நினைவுகூர்தல் வேண்டும். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. அவ்வாண்டிலேயே மன்னார்ப் பாலம் தகர்க்கப்பட்டது. தலைமன்னார்ப் புகைவண்டியும் நின்றுபோயிற்று. 1984 முதல் இராமேசுவரத்துக் கப்பற்சேவை நின்றிருந்தமையால் கடல்வழியும் முன்னரே அடைபட்டிருந்தது. அரச கட்டுப்பாட்டுக்கு வெளியே இருந்த பெருநிலப்பரப்பு ஊர்களுக்குப் பெற்றோல் செல்வது தடுக்கப்பட்டது. அப்போதுதான் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெய் குடிக்கப் பழகின.

பெற்றோல் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும். மண்ணெண்ணெய் அவ்வாறு ஆவியாகாது. எஞ்சின் நன்கு சூடேறிய பின்னரே அது ஒழுங்காக எரியும். ஆதலால் ஓட்டுபவர் ஒரு சிறு போத்தலிற் பொன்போலப் பேணிய பெற்றோலை வைத்திருப்பார். சில துளிகளைக் காபரேற்றருக்குட் செலுத்திக் கிக்கரை உதைப்பார். எஞ்சின் உயிர்பெற்றுச் சூடானதும் தாங்கியிலுள்ள மண்ணெண்ணெயைத் திறந்துவிடுவார். மாற்றுகின்ற அந்தக் கணம் தவறினால் வண்டி நின்றுவிடும். மேலும் சில துளி பெற்றோல் வீணாகும். ஓடும்போது வெண்புகை கக்கும். ஏற்றத்தில் எஞ்சினுக்குள்ளே தட்டும் ஓசை எழும். பிளக்கிலே கரி படிந்து நடுவழியில் நிற்கும். எரியாத எண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலையும் நீர்த்துப்போகச் செய்யும். இத்தனைக்கும் ஈடுகொடுத்துப் பிரசவ வேதனையில் துடித்த பெண்களையும் காய்ச்சலிற் கிடந்த குழந்தைகளையும் வைத்தியசாலைக்குக் கொண்டு சேர்த்தவை இவ்வண்டிகளே. அவ்வாறு ஒரு பிள்ளையைக் காத்துத் தந்த வண்டியை, அப்பிள்ளையே வளர்ந்து வந்து, "அப்பா, இதை விற்றுப்போட்டுப் புதிது ஒன்று எடுப்போம்" என்று சொல்லும்போது, தகப்பன் மறுமொழி கூறாது எழுந்து போவதில் வியப்பில்லை.

இழந்தவர் கதை இதனினும் கனமானது. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, எருக்கலம்பிட்டி முதலிய மன்னார் ஊர்களைச் சேர்ந்தோர் உடுத்த உடையோடும் கைப்பொதியோடும் படகேறிக் கற்பிட்டிக் கரை சேர்ந்தனர். வீடும் தோட்டமும் போலவே வண்டியும் பின்னே நின்றுவிட்டது. பின்னர், 2008-இல் மன்னார்ப் பெருநிலப்பரப்பிலிருந்து கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்த மக்கள், மோட்டார் சைக்கிளில் ஏற்றக்கூடியதை ஏற்றி, ஓடக்கூடிய மட்டும் ஓடினர். 2009 மே மாதத்தின் பின் முள்ளிவாய்க்கால் வழியே சென்றவர்கள், கைவிடப்பட்ட சைக்கிள்களும் மோட்டார் சைக்கிள்களும் குவியல் குவியலாகத் துருவேறிக் கிடந்ததைக் கண்டனர். அக்குவியலில் ஒவ்வொன்றும் ஒரு வீட்டின் வண்டியாய் இருந்தது. எஞ்சிய வண்டியை ஒருவர் ஏன் இறுகப் பற்றுகிறார் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

இனி, "இந்த வண்டி என் காலுக்குத்தான் ஸ்ரார்ட் ஆகும்" என்று பழைய வண்டிக்காரர் சொல்லும் பெருமைப் பேச்சைப் பார்ப்போம். இதிலே மாயம் எதுவும் இல்லை, மெய் உண்டு. தேய்ந்த எஞ்சின் ஒவ்வொன்றுக்கும் தனிக்குணம் உண்டு. சோக்கை எவ்வளவு இழுக்கவேண்டும், கிக்கரை எந்த இடத்துக்குக் கொண்டுவந்து உதைக்கவேண்டும், வாடைக் காலத்து விடியலில் எத்தனை உதைக்குப் பிறகு சற்று ஓய்வு கொடுக்கவேண்டும் என்பவற்றை எந்தப் புத்தகமும் எழுதி வைத்திருக்கவில்லை. கால் கற்றுக்கொண்டிருக்கிறது. காதும் அவ்வாறே. வால்வின் இடைவெளி கூடிவிட்டதா, செயின் தளர்ந்துவிட்டதா என்பதை அவர் ஓசையாலேயே அறிகிறார். புது வண்டியோ பொத்தானை அமுக்கியதும் எவர்க்கும் பணிகிறது. அது நல்ல ஊழியன். பழைய வண்டி அறிமுகமானவரை மட்டும் ஏற்றுக்கொள்ளும் வீட்டு மாடு.

பாக்குநீரிணைக்கு அப்பால், தமிழ்நாட்டில், இப்பற்று வேறொரு கோலம் கொண்டது. 1955-இல் ஆங்கிலேய என்பீல்டு நிறுவனத்தோடு சென்னை வணிகர் கூட்டுச் சேர்ந்து, திருவொற்றியூரில் 'புல்லட்' வண்டியை ஆக்கத் தொடங்கினர். இங்கிலாந்தில் மூலநிறுவனம் 1970-அளவில் மூடப்பட்ட பின்னரும், சென்னையில் அவ்வண்டி ஏறக்குறையப் பழைய வடிவிலேயே பல பத்தாண்டுகள் பிறந்துகொண்டிருந்தது. அதனை முடுக்குவதும் ஒரு கலைதான்: விளக்குக்கருகே உள்ள அம்மீற்றரின் முள் நடுவே வந்து நிற்கும்வரை கிக்கரை மெல்ல அமுக்கி, அமுக்கவிடு நெம்பை விடுவித்து, ஒரே உதை. தவறினாற் கிக்கர் திருப்பி அடிக்கும். ஆயினும் புல்லட் பிரியருக்குத் தொழிற்சாலை துணைநின்றது. வேண்டிய உறுப்புகள் கடையிற் கிடைத்தன. மன்னார்க்காரருக்கு அத்துணை இல்லை. கடையிற் கிடைத்ததையும் கழித்த வண்டியிற் கழற்றியதையும் கொண்டே காலம் தள்ளவேண்டியிருந்தது. பளபளப்புப் பூசி ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுக்கும் பற்றைக் காட்டிலும், நாள்தோறும் மீன்பெட்டி சுமக்கவைக்கும் பற்று ஒரு படி மேலானது என்றே கொள்ளலாம்.

பற்று என்பதனாற் கண் மறைந்துவிடலாகாது என்பதும் உண்மை. அரேபிய லோரன்ஸ் என்று புகழ்பெற்ற ஆங்கிலேயர், தம் புறூ சுப்பீரியர் வண்டிக்கு விவிலியத்திலிருந்து 'இடிமுழக்கத்தின் மக்கள்' எனப் பொருள்படும் பெயரைச் சூட்டி நேசித்தார். 1935 மே மாதத்தில் அவ்வண்டியிலிருந்து தூக்கி எறியப்பட்டு, தலையில் அடிபட்டு, ஆறு நாட்களில் இறந்தார். அவரைப் பார்வையிட்ட சத்திரவைத்தியர் ஹியூ கேர்ன்ஸ் அதன்பின் தலைக்காயங்களைப் பற்றி ஆராய்ந்து, 1941-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். இன்று இலங்கையிலும் சட்டம் கட்டாயமாக்கியுள்ள தலைக்கவசத்துக்கு அவ்வாராய்ச்சி வழிகாட்டிற்று. மன்னார்த் தெருக்களிலே இரவில் கழுதைகள் நடுவீதியில் நிற்பது வழக்கம். மங்கிய விளக்கும் தேய்ந்த பிரேக்கும் உள்ள வண்டி அவற்றைக் காணுமுன் சென்று முட்டும். வண்டியை நேசிப்பவர் முதலிற் செலவிடவேண்டியது வர்ணத்துக்கன்று, பிரேக்குக்கும் ரயருக்குமே.

அண்மைக் காலத்தில், பழைய வண்டியைக் கேலி செய்தவர்கள் சிறிது வாயடைத்துப் போயினர். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022-இல் எரிபொருள் இல்லாது வரிசைகள் நீண்டன, கியூ.ஆர். அட்டை முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நான்கு லீற்றர் என்று வரையறுக்கப்பட்டது. நான்கு லீற்றரைக் கொண்டு கிழமை முழுவதும் ஓடக்கூடியது அந்தச் சிறு பழைய வண்டியே. மகன்மார் தகப்பனிடம் திறப்பைக் கேட்டு வாங்கினர். 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டது. பழைய வண்டிகள் மீண்டும் வேலியோரம் ஒதுங்கத் தொடங்கியுள்ளன.

ஒதுங்காதவை இன்னும் கராச்சுக்கு வருகின்றன. சிலிண்டர் கடைந்து புதுப் பிஸ்டன் இடுகிறார்கள். சைலன்சருக்குத் தகடு வெட்டி ஒட்டுகிறார்கள். சக்கரக் கம்பிகளை மாற்றுகிறார்கள். தாங்கியின் ஓட்டையை ஈயம் வைத்து அடைக்கிறார்கள். இப்படி ஒவ்வொன்றாக மாற்றிய பின்னர் எஞ்சியிருப்பது அதே வண்டிதானா என்று தத்துவம் பேசுவோர் வினவலாம். மோட்டார் வாகனத் திணைக்களத்துக்கு அவ்வையம் இல்லை. அடிச்சட்டத்திற் பொறித்த இலக்கம் பதிவுப் புத்தகத்தோடு ஒத்திருந்தால், அது அதே வண்டிதான். ஆதலினாற்றான், வேறெந்த இடத்தில் வர்ணம் உதிர்ந்தாலும், இலக்கம் பொறித்த அந்த விரலளவு இரும்பின்மீது மட்டும் உப்புக்காற்றுத் தீண்டாதவாறு கிறீஸை அப்பி, மேலே ஒரு துண்டு ரியூப் றப்பரைச் சுற்றிக் கட்டி வைப்போர் மன்னாரில் உளர்.