ஒலித்தல் வேறு, உணர்தல் வேறு
(தொடக்கப்பள்ளி ஆசிரியர் நடுவே ஆற்றப்பெற்ற உரை)

 

'தொம்பிலன் நிடலையைச் சிமர்த்தான்.' இத்தொடரைக் கரும்பலகையில் எழுதி, 'தொம்பிலன் எதைச் சிமர்த்தான்?' என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளையை வினவுங்கள். 'நிடலையை' என்று உடனே விடை வரும். 'சிமர்த்தவன் யார்?' எனின், 'தொம்பிலன்' என்னும். முழு மதிப்பெண்! ஆயின், நிடலை என்றொரு பொருளும் இல்லை. சிமர்த்தல் என்றொரு வினையும் தமிழில் இல்லை. வேற்றுமையுருபையும் வினையீற்றையும் பற்றிக்கொண்டே பிள்ளை விடையைப் பெயர்த்தெடுத்துவிடுகின்றது. பாட இறுதி வினாக்கள் இத்தகையனவாயின், விடையெழுதிய பிள்ளை பாடத்தை உணர்ந்தது என்று எங்ஙனம் கொள்வது?

இக்குறை தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கப் பள்ளிகளில் படிப்பு வகுப்புகளை நேரில் நோக்கிய தொலோரெசு தர்கின் அம்மையார், 1978-79ஆம் ஆண்டு தம் ஆய்வை வெளியிட்டார். பொருளுணரும் வழியைக் கற்பிக்கச் செலவான நேரம் நூற்றில் ஒரு பங்கும் இல்லை! ஆசிரியர் வினவினர், விடையைத் திருத்தினர், விடை காணும் வழியை மட்டும் காட்டினாரல்லர்.

வழி யாது? 'கயல்விழி குடையை மடக்கித் திண்ணையில் சாய்த்தாள். அதன் நுனியினின்று நீர் சொட்டியது.' மழை என்னும் சொல்லே இங்கு இல்லை. 'வெளியே என்ன நடந்தது?' என்றால் பிள்ளைகள் 'மழை' என்பர். அங்கே நிறுத்திவிடலாகாது. 'எவ்வாறு தெரிந்தது?' என்னும் இரண்டாம் வினாவே பாடம். ஒரு பிள்ளை குடையைச் சுட்டும். மற்றொன்று சொட்டிய நீரைச் சுட்டும். 'வெயிலுக்கும் குடை பிடிப்பார்களே!' என்று மூன்றாவது மறுக்கும். அம் மறுப்பை அடக்குவோர் ஆசிரியரல்லர்.

1984இல் பாலின்சார், பிரௌன் என்னும் அம்மையார் இருவர், எழுத்தைத் தடையின்றிப் படித்தும் பொருளுணராத ஏழாம் வகுப்பு மாணவரிடம் நான்கு பழக்கங்களை வளர்த்தனர்: அடுத்து வருவதை உய்த்தல், வினா எழுப்பல், விளங்காததைத் தெளிதல், சுருங்கச் சொல்லல். மாணவரே முறைமாற்றி ஆசிரியராய் இருந்து உரையாடலை நடத்தினர். உணர்திறன் உயர்ந்தது. தாமே வினா எழுப்பித் தாமே விடை பகர்ந்த பண்டை உரையாசிரியர்தம் மரபினர்க்கு இது புதுமையாகத் தோன்றாது. சிறு பிள்ளைகட்கு ஒருநாளைக்கு ஒரு பழக்கமே போதும்.

தமிழ்ப் பிள்ளைக்குத் தனித்தடை ஒன்றுண்டு. பேச்சு வேறு, ஏடு வேறு. 'மரத்தடியிலமர்ந்தான்' என்பதை 'மரத்து, அடியில், அமர்ந்தான்' எனப் பிரித்துக் காட்டியபின், 'மரத்தடியில உக்காந்தான்' என்று பிள்ளை தன் பேச்சில் சொல்லட்டும். அதனைத் தடுத்தல் வேண்டா. தனித்துணையும் உண்டு. 'டெலசுகோப்பு' என்றால் பிள்ளை பற்றிக்கொள்ள ஒன்றுமில்லை. 'தொலைநோக்கி' என்றாலோ, தொலைவும் நோக்கலும் அறிந்த பிள்ளை பாதி வழியைத் தானே கடந்துவிடும்.

எனினும், சொல்லறிவு மட்டும் போதாது, பொருளறிவும் வேண்டும். 1988இல் இரெக்டு, இலெசுலி என்போர், அமெரிக்கரின் அடிபந்தாட்டம் பற்றிய பகுதியொன்றை மாணவரிடம் கொடுத்துச் சோதித்தனர். ஆட்டத்தை நன்கறிந்த, படிப்பில் பின்தங்கிய மாணவர், ஆட்டமறியாத தேர்ந்த படிப்பாளிகளை விஞ்சினர். நாற்றங்காலைக் காணாத நகரப் பிள்ளைக்கு உழவுப் பாடம் நடத்துமுன், ஒரு சட்டியில் நெல்லை முளைக்க வைத்துக் காட்டுங்கள்; ஏட்டை அதன்பின் விரிக்கலாம்.