பாரதத்துக்கு முன்னால் அம்பேத்கர் வைத்த சொல்

(அத்திப்பட்டில் நடந்த வாசிப்பு வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



‘இந்தியாவா, பாரதமா?’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். 2023 செப்டம்பரில் ஜி20 மாநாட்டு விருந்துக்கான ஆங்கில அழைப்பிதழில் ‘பிரசிடென்ட் ஆஃப் பாரத்’ என்று அச்சடித்தார்கள். அன்றைக்குக் கிளம்பிய விவாதம் இன்னும் அடங்கவில்லை. ‘இந்தியா வெள்ளைக்காரன் வைத்த பெயர், பாரதம்தான் நம் பெயர்’ என்கிறார்கள். அதை முதலில் பார்த்துவிடுவோம்.

சிந்து ஆற்றைப் பாரசீகர்கள் ‘ஹிந்து’ என்றார்கள். கிரேக்கர்கள் ‘இண்டோஸ்’ என்றார்கள். மெகஸ்தனிஸ் எழுதிய நூலின் பெயரே ‘இண்டிகா’. அப்போது கிழக்கிந்தியக் கம்பெனி பிறக்க இன்னும் ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. இந்தியா அந்நியச் சொல், ஆகவே வேண்டாம் என்றால், அதே ஆற்றிலிருந்து அதே வழியில் வந்த ‘இந்து’ என்ற சொல்லையும் சேர்த்தே கைவிட வேண்டும். அதற்கு அவர்கள் தயாரா?

சரி, பாரதம்? ரிக் வேதத்தில் பரதர் என்பது ஒரு குலத்தின் பெயர். கலிங்க மன்னன் காரவேலனின் ஹாத்திகும்பா கல்வெட்டில் ‘பரதவச’ என்று வருகிறது. அதன்மீது தான் படையெடுத்துப் போனதாகச் சொல்கிறான். படையெடுத்துப் போகிற இடம் என்றால் கலிங்கம் அதற்குள் இல்லை. தமிழ் அரசர்களின் கூட்டணியைப் பற்றி அதே கல்வெட்டு தனியாகப் பேசுகிறது. இமயம் முதல் கடல் வரை என்று பாரதத்தை விரித்தவை பிற்காலப் புராணங்கள். விஷ்ணு புராணம் அந்த நாட்டில் யார் வாழ்கிறார்கள் என்றும் சொல்கிறது: கிழக்கே கிராதர், மேற்கே யவனர், நடுவில் பிராமணர், சத்திரியர், வைசியர், சூத்திரர். அந்த எல்லைக்குள் நம் நிலம் இருக்கிறது. ஐந்தாவதாக ஒரு மனிதர் அந்தப் பட்டியலில் இல்லை.

அரசியல் நிர்ணய சபைக்கு வருவோம். 1949 செப்டம்பர். ‘இந்தியா, அதாவது பாரதம்’ என்ற வாசகத்தை அம்பேத்கர் வைக்கிறார். பாரதம் முன்னால் வர வேண்டும் என்று ஹெச்.வி.காமத் திருத்தம் கொண்டுவருகிறார். சேத் கோவிந்த தாஸ் வேதத்தையும் புராணத்தையும் எடுத்துப் பேசுகிறார். கமலாபதி திரிபாதி பாரதப் பெருமையை விரிக்கும்போது, இதெல்லாம் தேவையா, வேலை நிறையக் கிடக்கிறதே என்று அம்பேத்கர் குறுக்கிடுகிறார். திருத்தம் 38க்கு 51 என்ற கணக்கில் தோற்றது.

அப்படியென்றால் அம்பேத்கருக்குப் பாரதம் என்ற சொல்லே ஆகாதா? இல்லை. மகாத் குளத்துப் போராட்டம் நடந்த 1927ஆம் ஆண்டில் அவர் தொடங்கிய பத்திரிகையின் பெயர் ‘பகிஷ்கிருத பாரத்’. விலக்கிவைக்கப்பட்ட பாரதம் என்று பொருள். 1956இல் ‘ஜனதா’ பத்திரிகை ‘பிரபுத்த பாரத்’ ஆனது. விழிப்படைந்த பாரதம். எந்தப் பாரதம், யாருடைய பாரதம் என்று முன்னால் ஒரு சொல்லை வைக்காமல் அந்தப் பெயரை அவர் பத்திரிகைக்கு வைக்கவில்லை. நாமும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

அவருக்கு முன்பே இங்கே பண்டிதர் அயோத்திதாசர் ‘இந்திரர் தேச சரித்திரம்’ எழுதினார். ஐம்பொறிகளை வென்ற புத்தரே இந்திரர், அதனால் இது இந்திரர் தேசம், அதுவே இந்தியா என்றார். இன்றைய மொழியியல் அந்தச் சொல்லாராய்ச்சியை ஏற்காது. ஆனால், தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்கள்தாம் இந்த நாட்டின் பெயருக்கே சொந்தக்காரர்கள் என்று நூறு ஆண்டுகளுக்கு முன்பு ஒருவர் சொன்னதன் துணிச்சலை நாம் ஏற்கலாம்.

‘பெயரில் என்ன இருக்கிறது?’ என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். பெயரில் நிறைய இருக்கிறது. ‘தமிழ்நாடு’ என்ற பெயருக்காக 1956இல் விருதுநகரில் உண்ணாவிரதம் இருந்து சங்கரலிங்கனார் உயிரை விட்டார். 1967 ஜூலை 18இல் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 1969 ஜனவரி 14இல்தான் அது நடைமுறைக்கு வந்தது. 2023இல் ஓர் ஆளுநர் ‘தமிழகம்’ என்பதே பொருத்தம் என்றபோது நமக்குக் கோபம் வந்ததில் நியாயம் இருக்கிறது.

அந்தக் கோபத்தோடு இன்னொன்றையும் பார்க்க வேண்டும். தமிழ்நாடு என்று நாம் பெருமையோடு எழுதும் இதே மாநிலத்தில், 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. ஊர் என்றால் ஒரு பக்கம், காலனி என்றால் இன்னொரு பக்கம் என்று நம் காதுக்கே பழகிப்போயிருக்கிறது. ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் அறிவித்தார். வரவேற்கிறோம். பலகையை மாற்றியபின், காலனி என்று அழைக்கப்பட்ட பக்கத்துக்குச் சுடுகாட்டுப் பாதையும், பட்டாவும், கோயிலுக்குள் இடமும் கிடைத்ததா என்று கேட்பது நம் வேலை.

நீங்கள் பக்கத்திலேயே பார்த்திருக்கிறீர்கள். எண்ணூர் துறைமுகம் 2014இல் காமராஜர் துறைமுகம் ஆனது. நல்ல பெயர்தான். கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் படிவது அதனால் நிற்கவில்லை.

1949 நவம்பர் 25 உரையில் அம்பேத்கர் ஒன்றைச் சொல்கிறார். ‘இந்திய மக்கள்’ என்ற சொல்லைவிட ‘இந்திய தேசம்’ என்ற சொல்லே சிலருக்கு உவப்பாக இருந்தது. ஆனால் ஆயிரக்கணக்கான சாதிகளாகப் பிரிந்து கிடப்பவர்கள் எப்படி ஒரு தேசமாக முடியும் என்று கேட்கிறார். சாதிகள் தேசத்துக்கு எதிரானவை என்கிறார். நாட்டின் பெயர் பற்றிய சண்டையைவிட அந்தக் கேள்வி பெரியது. அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

ஆகவே தோழர்களே, பெயரை மாற்ற வருபவர்களிடம் சொல்லாராய்ச்சி மட்டும் பேசாதீர்கள். அரசியலமைப்பின் முதல் பிரிவைப் படித்த கையோடு, தீண்டாமையை ஒழித்த 17ஆம் பிரிவையும் அவர்கள் முன்னால் வாசித்துக் காட்டுங்கள். உங்கள் பாரதத்தில் பகிஷ்கிருத பாரதத்துக்கு எந்தத் தெருவில் வீடு என்று கேளுங்கள். அதே கேள்வியைத் தமிழ்நாட்டை நோக்கியும், நம் சொந்தத் தெருவை நோக்கியும் கேட்போம்.