நாய் விற்ற காசு

"நாய் விற்ற காசு குரைக்குமா?" என்று தமிழ் மக்களிடையே ஒரு பழமொழி வழங்கிவருகின்றது. பணம் எவ்வழியில் வந்தாலென்ன, கைக்கு வந்தபின் எல்லாம் ஒன்றே என்பது அதன் கருத்து. ஒரு தனி மனிதன் இவ்வாறு எண்ணுவதுண்டு. ஆனால், ஒரு நகரம் முழுவதுமே அவ்வாறு எண்ணத் தலைப்பட்டால் யாது நிகழும்? இந்த வினாவுக்கு விடை காண விரும்புவோர், பில்லி கோர்பன் என்னும் இளைஞர் நெறிப்படுத்தி 2006ஆம் ஆண்டில் வெளிவந்த 'கொக்கேயின் கௌபோய்ஸ்' என்ற விவரணப் படத்தைப் பார்த்தல் வேண்டும். அமெரிக்காவின் மயாமி நகரம், 1970களின் பிற்பகுதியிலும் 1980களின் முற்பகுதியிலும் பட்ட பாட்டை அப்படம் எடுத்துரைக்கின்றது.

மயாமி தொன்மை வாய்ந்த நகரமன்று. புளோரிடா மாநிலத்தின் தென்கோடியிலே 1896ஆம் ஆண்டில்தான் அது நகரமென்ற தகுதியைப் பெற்றது. குளிருக்கு அஞ்சி வரும் செல்வரும், ஓய்வூதியம் பெற்ற முதியோரும் வெயில் காயும் கடற்கரையாகவே அது நெடுங்காலம் விளங்கிற்று. 1959ஆம் ஆண்டுப் புரட்சியின் பின்னர் கியூபாவிலிருந்து வந்த அகதிகள் அங்கே குடியேறி, கடைகளும் தொழிற்சாலைகளும் நிறுவி, ஸ்பானிய மொழியை அதன் வீதிகளிலே ஒலிக்கச் செய்தனர். எண்ணற்ற கால்வாய்களும், ஆளரவமற்ற சிறு விமானத் தளங்களும், கூப்பிடு தூரத்தில் பஹாமாஸ் தீவுகளும் அந்நகருக்கு வாய்த்திருந்தன. இவையெல்லாம் உல்லாசப் பயணிகளுக்கு மட்டுமன்றிக் கள்ளக் கடத்தற்காரருக்கும் ஏற்றவையாய் அமைந்தன.

அவர்கள் கடத்திய பொருள் கொக்கேயின். அந்தீஸ் மலைத்தொடரில் விளையும் கொக்கா இலையிலிருந்து 1860ஆம் ஆண்டில் ஜெர்மானிய இரசாயன அறிஞர் ஒருவர் பிரித்தெடுத்த சத்து அது. முன்னர் மருந்தாகப் போற்றப்பட்டுப் பின்னர் சட்டத்தால் தடுக்கப்பட்டது. 1970களில் அமெரிக்கச் செல்வர் விருந்துகளிலே அது நாகரிகப் பொருளாயிற்று. அதனால் பெருங்கேடு விளையாதென்று கற்றவருட் சிலரும் கருதினர். பெருவிலும் பொலிவியாவிலும் விளைந்த இலை கொலம்பியாவிலே வெண்பொடியாகி, சிறு விமானங்களிலும் விசைப்படகுகளிலும் புளோரிடாவை வந்தடைந்தது.

இத்தொழிலிலே திளைத்தவர்களையே பேசவைத்திருப்பது படத்தின் தனித்தன்மையாகும். விநியோகத்தைக் கவனித்த ஜோன் றொபேர்ட்ஸ், விமானத்தாலும் படகாலும் சரக்கைக் கொண்டுவந்த மிக்கி மண்டே, கூலிக்குக் கொலைபுரிந்து சிறையிலிருந்தபடியே பேசும் ஹோர்ஹே அயாலா ஆகிய மூவரும் தத்தம் கதையைத் தாமே கூறுகின்றனர். சரக்கு நிறைந்த காரைப் பழுதடைந்த காரென்று காட்டி, இழுவை லொறியிற் பூட்டிப் பகிரங்கமாகவே இழுத்துச்சென்ற தந்திரத்தை மண்டே புன்னகையோடு விவரிக்கின்றார். பொலிஸார் மறித்தால், "இவ்வண்டி என்னுடையதன்று" என்று கைவிரித்துவிடலாமன்றோ?

ஆனால், அப்புன்னகை நெடுநேரம் நிலைப்பதில்லை. 1979ஆம் ஆண்டு ஜூலை 11ஆம் திகதி, டேட்லண்ட் என்னும் கடைத்தொகுதியில் இருந்த மதுக்கடை ஒன்றினுள்ளே பட்டப்பகலில் இருவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். கொலைஞர் விட்டுச்சென்ற வண்டி, விருந்துகளுக்குப் பொருள் வழங்கும் கம்பனியின் வண்டிபோல் வர்ணந் தீட்டப்பட்டிருந்தது. உள்ளேயோ, குண்டு துளைக்காத காப்புகளும் துப்பாக்கிகளும் இருந்தன. இருளிலே நடந்த பகை பகலுக்கு வந்துவிட்டதென்பதை நகர மக்கள் அன்று உணர்ந்தனர்.

அடுத்த ஆண்டு அந்நகருக்குச் சோதனை மேற் சோதனையாக வந்தது. 1980ஆம் ஆண்டு மே மாதத்தில், கறுப்பினத்தவர் ஒருவரின் மரணம் தொடர்பாகக் குற்றஞ்சாட்டப்பட்டிருந்த பொலிஸார் விடுதலையானதும் மூண்ட கலவரத்தில் 18 பேர் மாண்டனர். அதே ஆண்டில் கியூபாவின் மரியெல் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 1,25,000 பேர் படகேறிப் புளோரிடாவை அடைந்தனர். அவர்களுட் பெரும்பாலார் பிழைப்பைத் தேடி வந்த எளிய மக்களேயாயினும், சிலர் செய்த குற்றத்தின் பழியை அனைவரும் சுமக்க நேர்ந்தது. 1981இல் மயாமி அடங்கிய டேட் மாவட்டத்திலே 600க்கும் மேற்பட்ட கொலைகள் நிகழ்ந்தன. சவச்சாலையிலே இடம் போதாமையால், சட்ட வைத்திய அதிகாரி குளிரூட்டப்பட்ட லொறி ஒன்றை வாடகைக்கு அமர்த்திப் பிரேதங்களை அதிலே வைக்கவேண்டியதாயிற்று. உணவு ஏற்றுவதற்கென அமைந்த லொறி மனிதவுடல்களை ஏற்றிநின்ற அக்காட்சியினும் அந்நகரின் நிலையைத் தெளிவாகக் கூறவல்ல சொல் வேறில்லை.

கொலைகள் பெருகிய அதே வீதிகளிலே பணமும் பெருகிற்று. வழக்கமாக மத்திய வங்கி, தன்னிடம் திரும்பிவரும் நாணயத்தாளைக் காட்டிலும் கூடுதலாகவே புழக்கத்திற்கு வழங்கும். மயாமிக் கிளையிலோ இது தலைகீழாயிற்று. 1979இல், வழங்கியதிலும் 500 கோடி டொலருக்கு மேல் அதிகமாக அங்கே வந்து குவிந்தது. 10,000 டொலருக்கு மேற்பட்ட ரொக்கத்தைப் பற்றி வங்கிகள் அரசாங்கத்துக்கு அறிவித்தல் வேண்டுமென்று 1970ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டிருந்தது. எனினும், பெட்டி பெட்டியாக வந்த பணத்தைக் கண்ட வங்கியாளர் சிலருக்கு அச்சட்டம் நினைவுக்கு வரவில்லை. கார் விற்போரும் நகை விற்போரும் வீடு விற்போரும், "இப்பணம் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டாரல்லர். துப்பாக்கியைக் கையாலும் தொடாத நல்ல மனிதர்கள் எத்துணைப் பேர் இவ்வணிகத்தின் பங்காளிகளாயினர் என்பதைப் படம் எடுத்துக்காட்டுகின்றது.

காவலரும் இதற்குத் தப்பவில்லை. குற்றம் பெருகியதால் பொலிஸ் படைக்கு அவசர அவசரமாக ஆள் சேர்க்கப்பட்டது. போதிய விசாரணை நடைபெறவில்லை. 1985ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் மயாமி ஆற்றிலே மூவரின் உடல்கள் மிதந்தன. கடத்தற்காரரிடமிருந்து கொக்கேயினைக் கொள்ளையிட வந்தவர்கள் சீருடையணிந்த பொலிஸாரே என்பதும், அவர்களுக்கு அஞ்சி ஆற்றிற் குதித்தோரே மூழ்கி மாண்டனர் என்பதும் பின்னர் வெளியாயின.

1982ஆம் ஆண்டு ஜனவரியில் ஜனாதிபதி றீகன், உபஜனாதிபதி புஷ் அவர்களின் தலைமையில் விசேட படையொன்றை அமைத்தார். கடலிலும் வானிலும் காவல் பலப்பட்டது. நாளடைவில் மயாமியிற் கொலைகள் குறைந்தன. ஆனால் வணிகம் ஒழியவில்லை. மெக்சிக்கோ வழியாகப் புதுப்பாதை கண்டது. வாங்குவோர் உள்ளவரை விற்போருக்கு வழி கிடைத்துக்கொண்டே இருக்குமென்பது அதனாற் பெறப்பட்ட பாடம்.

இன்று மயாமியின் வானை அளாவும் மாளிகைகள் அப்பணத்தின் மேல் எழுந்தவையே என்பது படத்திற் பேசுவோர் பலரின் கூற்று. இதிலே உண்மையுண்டு, முழு உண்மையில்லை. இலத்தீன் அமெரிக்க நாடுகளோடு நடந்த நேர்மையான வாணிகமும், கியூப அகதிகளின் அயரா உழைப்பும் அந்நகரை வளர்த்தன என்பதை மறத்தலாகாது. அன்றியும், குற்றவாளிகள் தம் வீரப்பிரதாபங்களைச் சுவைபடக் கூறுமிடங்களிலே, நஞ்சை நுகர்ந்து அழிந்தோரின் குரல் போதிய அளவு ஒலிக்கவில்லை. படத்தின் குறை இது. ஆயினும், கொலைச் செய்திகளை நாள்தோறும் எழுதிவந்த பத்திரிகையாளர் எட்னா புக்கனன் போன்றோரின் சாட்சியம் அக்குறையை ஓரளவு ஈடுசெய்கின்றது.

அயாலாவை ஏவிய கிறிசெல்டா பிளாங்கோ என்ற கொலம்பியப் பெண், 1985இற் கைதாகி, பல்லாண்டு சிறையிலிருந்து, 2004இல் தாயகத்துக்கு அனுப்பப்பட்டார். 2012ஆம் ஆண்டில் மெடலின் நகரிலே, மோட்டார் சைக்கிளில் வந்தவனாற் சுடப்பட்டு இறந்தார். அவர் ஒப்புக்கொண்ட கொலைகளுள் ஒன்று 1982இல் நிகழ்ந்தது. குறிவைக்கப்பட்டவர் காரைச் செலுத்திய தந்தை; குண்டு பட்டு இறந்ததோ அவர் அருகிருந்த இரண்டு வயதுக் குழந்தை. அவ்வாண்டிலும் மயாமியின் வங்கிகளிலே பணம் எண்ணும் பொறிகள் ஓயாது சுழன்றன. எண்ணப்பட்ட தாள்களில் எதிலும் அக்குழந்தையின் பெயர் எழுதப்பட்டிருக்கவில்லை. காசு குரைக்காது என்பது மெய்யே. ஆதலினாற்றான், அது வந்த வழியைக் கேட்டறியும் கடமை அதை வாங்கும் மனிதனைச் சார்கின்றது.