முகப்பருவும் றோசேசியாவும்



முகத்திலே பருக்கள் தோன்றினால் நாம் எல்லாவற்றையும் முகப்பரு என்றே சொல்லிவிடுகிறோம். நாற்பது வயதானவரின் மூக்குச் சிவந்தாலோ, "குடிப்பழக்கம் இருக்கும்" என்று மறைவிலே பேசுகிறோம். றோசேசியா என்னும் வேறொரு தோல்நோய் உண்டென்பதை நம்மிற் பலர் அறியோம்.

இரண்டையும் பிரித்தறிவது எங்ஙனம்? முகப்பரு பெரும்பாலும் பருவ வயதிலே தொடங்கும். மயிர்த்துளைகள் எண்ணெய்ப் பசையாலும் இறந்த தோலணுக்களாலும் அடைபடுவதால் கரும்புள்ளிகளும் வெண்புள்ளிகளும் உண்டாகும். மார்பிலும் முதுகிலும் பருக்கள் வரலாம். றோசேசியாவோ பெரும்பாலும் 30 வயதுக்குப் பின்னரே தோன்றி, மூக்கு, கன்னம், நெற்றி, நாடி ஆகிய இடங்களைப் பற்றும். கரும்புள்ளிகள் அதற்குரியவை அல்ல. வெயில், சூடான பானம், உறைப்பு, மனக்கலக்கம் முதலியவற்றால் முகம் சிவந்து எரியும், கண்களும் உறுத்தலாம். நமது மாநிறத் தோலிலே சிவப்பு எளிதில் தெரியாது. ஆதலால் கண்ணாற் பார்ப்பதோடு நில்லாது, எரிவு உண்டா என்று கேட்டறிதல் வேண்டும்.

மதுவும் இதைத் தூண்டலாம். ஆயினும் மதுவைத் தொடாதவருக்கும் இந்நோய் வரும்.

ஸ்டீரொயிட் கலந்த களிம்புகளை நாமாகவே வாங்கிப் பூசினால், முதலில் தணிவது போலத் தோன்றிப் பின்னர் நோய் பெருகும். பருவை உலர்த்தும் பூச்சுகளும் எரிவைக் கூட்டக்கூடும். ஆகவே, வைத்தியரை நாடுவோம். ஒருவர் முகத்தைக் கொண்டு அவர் ஒழுக்கத்தை அளவிடாதிருப்போமாக.