சிதம்பரம் கப்பலில் போனவர்கள்

கொல்லிமலைக் குண்டூர் நாட்டில் மிளகுக் கொடிக்கு நடுவே வானொலி கேட்கும் நேயர்களே! 70 கொண்டை ஊசி வளைவுக்கு மேலே இருக்கும் நமக்குக் கப்பல் கதை எதற்கு என்பீர்கள். சிங்கப்பூர் போய்வந்த பெரியவர் யாராவது உங்கள் சொந்தத்திலும் இருக்கலாமே!

எம்.வி. சிதம்பரம். 1966-இல் பிரான்சில் கட்டிய கப்பல். எழுபதுகளில் நம் நாடு வாங்கி, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓட்டியது. பிழைக்கப் போனவர்களுக்கும் கப்பலில் கழித்த சில நாள் விடுமுறைதான்: சீட்டுக்கட்டு, டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்து ஊர்ப்பேச்சு, மேல்தளத்து உப்புக்காற்று.

1985 பிப்ரவரியில், சென்னைக்கு வரும் வழியில் தீப்பிடித்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதுவரை கப்பல் சாப்பாட்டையே சிலாகித்த என் உறவினர் ஒருவர், அதற்குப்பின் படிக்கட்டு எவ்வளவு குறுகல் என்றுதான் பேசினார். போன பயணத்துக்கு இப்போது பயப்படுவது வேடிக்கைதான். ஆனால் மனசு அப்படித்தான்.

கப்பல் ஆபத்து பழங்கதை மட்டுமல்ல. 2012 ஜனவரி 13-இல் இத்தாலியின் ஜிலியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா என்ற சுற்றுலாக் கப்பல் பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். அன்று ஏறிய பலருக்கு ஆபத்துக்காலப் பயிற்சியே நடக்கவில்லை. ஏறி 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பது அன்றைய விதி. 2015 முதல், கப்பல் கிளம்புமுன் அல்லது கிளம்பியவுடனே நடத்தியாக வேண்டும். சுற்றுலாக் கப்பலில் போகிறவர்கள் அந்தப் பயிற்சியின்போது அறையில் படுத்துவிடாதீர்கள். ஆபத்து அறிவிப்பு இதுதான்: ஏழோ அதற்கு மேலோ குறுகிய சங்கொலி, பிறகு ஒரு நீண்ட சங்கொலி.