கையால் செய்யப்படும் விமானம்



வைத்தியம் பற்றிப் பேசும்படிதான் கேட்டிருந்தீர்கள். நீரிழிவு பற்றி இந்த மண்டபத்தில் இருப்பவர்களுக்கு எங்களைவிட அதிகம் தெரியும். ஆகவே, எங்களில் பலரை இந்த விழாவுக்குக் கொண்டுவந்து சேர்த்த விமானத்தையும், அதைச் செய்பவர்களின் கைகளையும் பற்றிப் பேச வந்திருக்கிறோம். பிரித்தானியாவில் தொழில்சார்ந்த தோல் நோய்களைப் பார்க்கும் கிளினிக்கில் அந்தக் கைகளைத்தான் நாங்கள் பார்க்கிறோம்.

விமானம் என்றால் அலுமினியம் என்று படித்தவர்கள் நாம். இன்று போயிங் 787 இன் எடையில் ஏறக்குறையப் பாதியும், எயார்பஸ் ஏ350 இன் எடையில் 53 சதவீதமும் கூட்டுப்பொருள். பெரும்பாலும் காபன் இழையும் ஈப்பொக்சிப் பிசினும் சேர்ந்தது. பெரிய செட்டைகளுக்கு யந்திரம் நாடா விரிக்கிறது. வளைவும் மூலையும் உள்ள பல பாகங்களை இன்னும் மனிதர்தான் அடுக்குகிறார்கள்.

பிசின் ஊறிய காபன் துணி, சுருளாக, பூச்சியத்துக்குக் கீழே 18 பாகையில் உறைந்து கிடக்கும். உறையைப் பிரிக்காமலே அறை வெப்பநிலைக்கு வரவிட வேண்டும்; அவசரப்பட்டுப் பிரித்தால் துணியில் ஈரம் படிந்துவிடும். பிறகு வெட்டி, அச்சின் மேல் ஒரு அடுக்கு நேராக, ஒன்று 45 பாகையில், ஒன்று 90 பாகையில் என்று விரிக்கிறார்கள். மூலைவாட்டாக வெட்டிய துணி இழுபட்டு வளைவில் படியும் என்று எங்கள் தையல் வகுப்பில் சொல்லித் தந்தது நினைவிருக்கிறதா? அதே வித்தைதான். (அந்த வகுப்பை வீண் என்று முணுமுணுத்தவர்கள் இங்கே முன்வரிசையில் இருக்கிறார்கள்.) ஒவ்வொரு அடுக்கிலும் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்ரிக்கை உரித்தெடுக்க வேண்டும். ஒரு துண்டு உள்ளே தங்கினாலும் அந்த இடத்தில் அடுக்குகள் ஒட்டாது. கடைசியில் பையால் மூடி, காற்றை உறிஞ்சி, ஒட்டோகிளேவில் ஏறக்குறைய 180 பாகை வெப்பத்தில், ஏழு வளிமண்டல அமுக்கத்தில் வேகவைக்கிறார்கள். சத்திரசிகிச்சைக் கருவிகளை நாங்கள் தொற்றுநீக்குவதும் ஒட்டோகிளேவில்தான். இவர்களுடையது அமுக்கம் ஏற்றிய ஒரு பெரிய போறணை.

வெந்த பிசின் பெரும்பாலும் சாது. வேகாத பிசின்தான் ஆபத்து. பல வருடங்கள் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு, ஒருநாள் உடல் அதை எதிரியாகக் கண்டுகொள்ளும்.

எங்களிடம் வந்த ஒரு பெண் பதினொரு வருடம் இந்த வேலை செய்தவர். கண்ணிமைகள் வீங்கியிருந்தன; விரலிடுக்குகள் வெடித்திருந்தன. முகப்பூச்சுத்தான் காரணம் என்று நம்பி எல்லாவற்றையும் வீசிவிட்டிருந்தார். முதுகில் ஒட்டுப்பரிசோதனை செய்தோம். இரண்டு நாளில் கழற்றி, நான்காம் நாள் மறுபடி பார்த்தபோது ஈப்பொக்சி வைத்த சதுரம் சிவந்து தடித்திருந்தது. இந்த ஒவ்வாமை மாறாது, சிறு துளியும் இனி ஆகாது என்று சொன்னோம். “டொக்டர், என் கைதான் என் சேர்டிபிக்கற். வேறொன்றும் என்னிடம் இல்லை” என்றார்.

ஈரலிப்புக் கிறீம் எழுதிக் கொடுப்பதுகூட இங்கே சுலபமில்லை. சிலிக்கோன் கலந்த கிறீம் கையிலிருந்து துணிக்குப் போனால் அடுக்குகள் ஒட்டாது. அதனால் அது அந்த அறையில் தடை. தொழிற்சாலை அனுமதித்தது எது என்று கேட்டே எழுதுகிறோம். மெல்லிய லேற்றெக்ஸ் கையுறையை நம்ப வேண்டாம், நைற்றைல் கையுறையை அடிக்கடி மாற்றுங்கள், கையில் பட்ட பிசினை அசற்றோனால் கழுவாதீர்கள் என்கிறோம்.

வேலையிடம் முதலில் அவருக்குக் கூட்டித் துடைக்கும் வேலையைத்தான் காட்டியது. அது சரியல்ல என்று நாங்கள் இரண்டு கடிதம் எழுதினோம். ஒரு அடுக்கு எங்கே தவறும் என்று அறிந்த கண்ணை விளக்குமாற்றுக்கு அனுப்பலாமா? இப்போது வெந்து முடிந்த பாகங்களை அல்ட்ராசவுண்டால் பரிசோதிக்கும் பகுதியில் பயிற்சி பெறுகிறார். சம்பளம் கொஞ்சம் குறைவு.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். தொழில் வழிகாட்டல் நாளுக்கு வருடா வருடம் வைத்தியர், பொறியியலாளர், கணக்காளர் என்று எங்களையே கூப்பிடுகிறீர்கள். அடுத்த முறை கைத்தொழில் தெரிந்த ஒரு பெண்ணையும் மேடையேற்றுங்கள். தன் கையுறைகளையும் கொண்டுவரச் சொல்லுங்கள். பயணச் செலவுக்கு எங்கள் வகுப்பினர் பொறுப்பு.