வெண்திரையும் வகுப்பறையும்

(ஊராட்சி உறுப்பினர்களுக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவினருக்கும் நடைபெற்ற பயிற்சிக் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



நமது ஒன்றியத்தின் இரண்டு ஊராட்சிகளிலிருந்து அண்மையில் இரண்டு விண்ணப்பங்கள் நம்மிடம் வந்துள்ளன. பள்ளிக்கூடத்திற்குப் பெரிய தொடுதிரை ஒன்று வாங்க ஊராட்சிப் பொது நிதியிலிருந்து செலவிட அனுமதி வேண்டும் என்பதே இரண்டின் சாரமும் ஆகும். அவ்வூர்களின் பெயரை நாம் இங்கே கூறப்போவதில்லை. விண்ணப்பத்தில் கையொப்பமிட்டவர்கள் முன்வரிசையிலேயே அமர்ந்திருக்கிறார்கள். பிள்ளைகளின் கல்வியின்பால் அவர்கள் கொண்ட ஆர்வம் பாராட்டுதற்குரியது. ஆயினும், பணம் செலவாவதற்கு முன், படம் காட்டிப் பாடம் நடத்துவதைப் பற்றி ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தவற்றுள் சிலவற்றையேனும் தங்கள் முன் வைப்பது நமது கடமையாகிறது.

பள்ளியில் படம் காட்டும் எண்ணம் புதியதன்று. 1913ஆம் ஆண்டிலேயே, தாமஸ் ஆல்வா எடிசன், இனிப் பள்ளிகளில் புத்தகத்திற்கு வேலையிராது, பத்தாண்டுகளில் கல்விமுறையே மாறிவிடும் என்று கூறினார். நூறாண்டு கடந்தும் புத்தகம் மறையவில்லை. வானொலி வந்தபோதும், தொலைக்காட்சி வந்தபோதும், கணினியும் கைக்கணினியும் வந்தபோதும் இதே வாக்குறுதியே புதுச் சட்டை அணிந்து வந்தது. கருவி விற்பவர் அவ்வாறு கூறுவது இயற்கை. வாங்குபவராகிய நாம் சற்று நிதானிக்க வேண்டும்.

1987ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் ‘எ பிரைவேட் யூனிவர்ஸ்’ என்னும் ஒரு படம் எடுக்கப்பட்டது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு நாளில், அங்கிருந்த 23 பேரிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். புதிய பட்டதாரிகளும் பழைய மாணவர்களும் பேராசிரியர்களும் அவர்களுள் அடங்குவர். கோடையில் ஏன் வெப்பமாகவும் குளிர்காலத்தில் ஏன் குளிராகவும் இருக்கிறது என்பதோ, நிலவின் பிறை ஏன் மாறுகிறது என்பதோ அக்கேள்வி. 23 பேரில் 21 பேர் தவறாகவே விடை கூறினர். பூமி கோடையில் சூரியனுக்கு அருகே செல்கிறது, குளிர்காலத்தில் விலகிச் செல்கிறது என்பதே அவர்களுள் பலரின் எண்ணம்.

நம்மில் பலரும் அவ்வாறே எண்ணியிருக்கக் கூடும். உண்மை யாதெனில், பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரி முதல் வாரத்தில், அதாவது மார்கழி மாதத்தில்! விடியற்காலையில் நாம் பனியில் நடுங்கிக்கொண்டு வயலுக்குப் போகும் அதே நாட்களில்தான் சூரியன் நமக்கு மிக அண்மையில் இருக்கிறது. பூமியின் அச்சு இருபத்து மூன்றரைப் பாகை சாய்ந்திருப்பதால், அப்பருவத்தில் நமது வடபாதி சூரியனை விட்டுச் சாய்ந்து நிற்கிறது. கதிர்கள் சரிந்து விழுகின்றன, பகற்பொழுதும் குறைகிறது. குளிருக்குக் காரணம் இதுவே.

அப்படத்தில் ஒரு பள்ளி மாணவியும் வருகிறாள். நல்ல அறிவுள்ள பெண். அவளுக்கு ஆசிரியை பாடம் நடத்துகிறார். பாடம் முடிந்து மீண்டும் கேட்டால், புதிய பாடத்தையும் தன் பழைய எண்ணத்தின் ஒரு பகுதியையும் சேர்த்துப் பிசைந்து விடை கூறுகிறாள். பிள்ளையின் உள்ளம் வெற்றுப் பலகையன்று, அதில் ஏற்கெனவே ஏதோ எழுதியிருக்கிறது என்பதை அப்படம் கண்கூடாகக் காட்டுகிறது. களையெடுக்காத நிலத்தில் நாற்று நட்டால் என்ன விளையும் என்பதை உழவர்களாகிய தங்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இதற்கும் திரைக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். ஆஸ்திரேலியாவின் சிட்னி பல்கலைக்கழகத்தில் டெரெக் முல்லர் என்பவர் இதனை ஆராய்ந்து 2008ஆம் ஆண்டில் வெளியிட்டார். இயற்பியல் பாடம் ஒன்றைப் பல விதமான படங்களாகத் தயாரித்து, மாணவர்களைப் பிரித்துக் காட்டினார். ஒரு படம் தெளிவான, நேரான விளக்கம். மற்றொன்றில் ஒரு மாணவர் தம் தவறான கருத்துகளைக் கூற, ஆசிரியர் அவருடன் உரையாடித் திருத்துகிறார். தெளிவான படத்தைக் கண்டவர்கள் பாடம் எளிதாக இருந்தது என்று மகிழ்ந்தனர்; ஆனால் தேர்வில் அவர்கள் அவ்வளவாக முன்னேறவில்லை. தவறும் திருத்தமும் கலந்த படத்தைக் கண்டவர்கள் குழப்பமாக இருந்தது என்றனர்; எனினும் அவர்களே மிகுதியாகக் கற்றிருந்தனர். படம் நன்றாக இருந்ததா என்று பிள்ளைகளைக் கேட்டு, ஆம் என்ற விடையைப் பதிவேட்டில் எழுதி மனநிறைவு அடையும் நம்மைப் போன்ற அலுவலர்களுக்கு இச்செய்தி சற்றுச் சுடத்தான் செய்யும்.

நமது நாட்டு அனுபவம் ஒன்றும் உண்டு. 1975 ஆகஸ்டு முதல் நாள் தொடங்கி 1976 ஜூலை 31 வரை, நாசாவின் ஏ.டி.எஸ்-6 என்னும் செயற்கைக்கோளைக் கொண்டு இஸ்ரோ நிறுவனம் ஒரு பெருஞ்சோதனை நடத்தியது. ஆந்திரம், கர்நாடகம், ஒரிசா, பீகார், மத்தியப் பிரதேசம், இராஜஸ்தான் ஆகிய ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களில் தொலைக்காட்சிப் பெட்டிகள் வைக்கப்பட்டன. கோழிக்கூட்டுக்குப் பயன்படும் கம்பி வலையைப் போன்ற வலையால் ஆன, பத்தடிக் குறுக்களவுள்ள ஏந்திகள் விண்ணிலிருந்து வந்த படத்தை வாங்கித் தந்தன. காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கும், மாலையில் வேளாண்மை, சுகாதாரம் முதலியன பற்றி ஊராருக்கும் நிகழ்ச்சிகள் நடந்தன. பலவூர்களில் மக்கள் முதன்முதலாகத் தொலைக்காட்சியைக் கண்டது அப்போதுதான்.

ஓராண்டின் முடிவில் பிள்ளைகளைச் சோதித்தபோது, மொழித்திறன் வளர்ந்திருந்தது; பல வழிகளில் செய்தி தேடும் ஆர்வமும் கூடியிருந்தது. பாடத் தேர்வு மதிப்பெண்ணிலோ குறிப்பிடத்தக்க உயர்வு காணப்படவில்லை. இதனைத் தோல்வி என்று நாம் கருதவில்லை. திரை எதைத் தரும், எதைத் தராது என்பதை இவ்வளவு நேர்மையாக அளந்து கூறிய முயற்சி பெரிதும் மதிக்கத்தக்கது. அதே திட்டத்தில் ஏறத்தாழ 50,000 தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு அறிவியல் பயிற்சியும் அளித்தார்கள் என்பதை மறந்துவிடலாகாது. படத்துடன் ஆசிரியரையும் ஆயத்தம் செய்ய வேண்டும் என்று அவர்கள் அன்றே உணர்ந்திருந்தார்கள்.

பெரு நாட்டின் சிற்றூர்ப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு மடிக்கணினிகள் வழங்கினர். 319 பள்ளிகளை ஆராய்ந்து 2012இல் வெளியான அறிக்கை, கணக்கிலும் மொழியிலும் கற்றல் உயர்ந்ததற்குச் சான்று இல்லை என்றது. மாறாக, தில்லியில் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த பிள்ளைகளுக்கு மாலை வேளையில் கணினிவழிப் பாடம் அளித்தபோது, நாலரை மாதத்திலேயே கணக்கிலும் இந்தியிலும் நல்ல முன்னேற்றம் ஏற்பட்டது. இவ்வாய்வு 2019இல் வெளியாயிற்று. அங்கே ஒவ்வொரு பிள்ளையும் உண்மையில் எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையிலிருந்தே பாடம் தொடங்கியது. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு நான்காம் வகுப்புக் கணக்கே தெரியுமாயின், அதிலிருந்தே தொடங்கினார்கள்.

விண்ணப்பங்களுக்கு வருவோம். இரண்டு பள்ளிகளிலும் படம் காட்டும் கருவி ஏற்கெனவே இருக்கிறது. ஒன்றில் அது பீரோவினுள் பூட்டிய நிலையில் உள்ளது. சாவி தலைமை ஆசிரியரிடம் இருக்கிறது. பழுதானால் தம் தலையில் விழுமோ என்னும் அச்சம் அவருக்கு. அவ்வச்சத்தைக் குறை கூறுவது எளிது, நீக்குவது ஊராட்சியின் வேலை. பழுது பார்க்கும் செலவு ஊராட்சியைச் சேர்ந்தது என்று தீர்மானம் நிறைவேற்றி, அதன் நகலை அவரிடம் கொடுத்தால் பீரோ தானே திறக்கும். மற்றொரு பள்ளியில் மின் அழுத்தம் நிலையாக இல்லை, கிழக்குச் சுவர் மழையில் ஒழுகுகிறது. ஒழுகும் சுவரில் புதிய திரையை மாட்ட நாம் பரிந்துரைக்க இயலாது. சுவரைச் செப்பனிடவும், மின்னழுத்தச் சீராக்கி வாங்கவும், சன்னலுக்குக் கருந்திரை தைக்கவும் விண்ணப்பம் தாருங்கள், உடனே பரிந்துரைக்கிறோம்.

பாடம் நடத்தும் முறையில் ஆசிரியருக்கு நாம் ஆணையிடப் போவதில்லை. ஆனால் பள்ளிக்குச் செல்லும் உறுப்பினர்கள் பின்வரிசையில் அமர்ந்து கவனிக்கலாம். படம் தொடங்குமுன் ஆசிரியர் கேள்வி கேட்டுப் பிள்ளைகளின் எண்ணத்தைக் கரும்பலகையில் எழுதினாரா? தவறான விடையையும் அழிக்காமல் எழுதினாரா? படத்தை இடையிடையே நிறுத்தினாரா? மின்னல் உண்டாகும் விதத்தைக் காட்டும் இரண்டரை நிமிடத்திற்கும் குறைந்த ஒரு சிறு படத்தையே, ரிச்சர்டு மேயரும் பால் சாண்ட்லரும் 2001இல் 16 துண்டுகளாக்கி, மாணவரே ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்க்கும்படி செய்தபோது, அவர்கள் கற்றதைப் புதிய கேள்விகளுக்குப் பயன்படுத்துவதில் முந்தினர். அரைமணி நேரப் படத்தை நிறுத்தாமல் ஓட்டிவிட்டு மணியடிப்பது வகுப்பு ஆகாது.

கையொப்பமிட்ட உறுப்பினர்கள் விரும்பினால், பள்ளியிலுள்ள கருவியை வாரம் இரண்டு நாள் இவ்வகையில் பயன்படுத்தி மூன்று மாதம் பார்க்கட்டும். படத்திற்கு முன் பிள்ளைகள் கூறிய விடையையும், ஒரு வாரம் கழித்துக் கூறிய விடையையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வரட்டும். பெரிய திரை தேவையா என்பதை அந்த நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு முடிவு செய்வோம். அதுவரை இரண்டு விண்ணப்பங்களும் நமது அலுவலகத்தில் நிலுவையில் இருக்கும்.